கொத்து கட்டிய தோட்டம்

மாட்டுக்குப் பசித்தால் கத்தும். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். பட்டுப்புழுவுக்குப் பசித்தால் மூச்சே காட்டாது, அதுதான் தொல்லை. தின்கிறபோதுதான் அதற்குச் சத்தம். ஷெட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே சரசரவென்று காதில் விழும். அந்தச் சத்தம் நின்றுபோனால் இலை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பொரசனஅள்ளி கோகிலவாணியின் ஷெட்டில் அன்றைக்குக் காலையில் அது நின்றுபோயிருந்தது.

பங்குனி மாதம். ஏழு மணிக்கே வெயில் ஓட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஜன்னல்களில் தொங்கவிட்ட சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அவள் தாங்கிகளைப் பார்த்தாள். மூன்று அடுக்கிலும் மொட்டைக் குச்சிகள்தான் கிடந்தன. நேற்றுப் பொழுது சாயப் போட்ட கடைசி இலையை நரம்புகூட விடாமல் தின்றுவிட்டு, விரல் நீளப் புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. நாற்பதாயிரம் புழு. நாலு தோலும் உரித்து முடித்தவை. இன்னும் இரண்டு நாள் வயிறாரத் தின்றால் பழுத்துக் கூடு கட்டிவிடும். இந்த இரண்டு நாளில் பட்டினி போட்டால் இருபது நாளாகக் கண்விழித்த பாடெல்லாம் வீண். கூடு கட்டினாலும் அது காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். மார்க்கெட்டில் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

அவளுக்குச் சொந்தத் தோட்டம் இல்லாமல் இல்லை. ஷெட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஏக்கர் மல்பெரி கரும்பச்சையாக நிற்கிறது. ஆனால் அதில் கை வைக்க முடியாது. நாலு நாளைக்கு முன்னால் பக்கத்து நிலத்துத் தக்காளிக்கு ட்ரோன் விட்டு மருந்தடித்தார்கள். நிலத்துக்காரர் பெங்களூரில் பேக்கரி வைத்திருக்கிறார், ஊர்ப்பக்கம் வந்து மூன்று வருடமாகிறது. குத்தகைக்கு எடுத்தவர் பாலக்கோட்டுப் பக்கத்து ஆள் என்கிறார்கள், யாரும் நேரில் பேசியதில்லை. ட்ரோன் ஓட்டியவர் கூலிக்கு வந்தவர். மருந்து காற்றோடு வந்து கோகிலவாணியின் செடிகள் மேல் இறங்கியது. தக்காளிப் புழுவைக் கொல்கிற மருந்து பட்டுப்புழுவை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுமா? இனி பதினைந்து நாளைக்கு அந்த இலை ஆகாது. அவள் புருஷன் மாதப்பன் ஓடிப்போய்ச் சண்டை பிடித்ததற்கு, “பக்கத்துல புழு வளக்கறாங்கன்னு எங்கிட்ட யாருங்க சொன்னாங்க?” என்று ட்ரோன்காரர் திருப்பிக் கேட்டாராம். மாதப்பன் திரும்பி வந்துவிட்டான்.

மூன்று நாள் விலைக்கு இலை வாங்கி ஓட்டினார்கள். நாலாம் நாள் இலைக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு போனை எடுக்கவில்லை. அதனால் மாதப்பன் விடியுமுன்பே சரக்கு ஆட்டோ பிடித்துக் கம்பைநல்லூர்ப் பக்கம் போயிருந்தான். ஏழே காலுக்குப் போன் வந்தது.

“கோகிலா, இங்கயும் எல இல்ல. நேத்தே யாரோ வெட்டிக்கிட்டுப் பூட்டாங்க.”

“அய்யோ, அப்பறம்?”

“கடத்தூர்ல ஒருத்தரு இருக்குதுன்னு சொல்றாரு. போயி வெட்டிக் கட்டி ஏத்திக்கிட்டு வர மதியம் ஆயிரும்.”

“மதியமா? புழு தலையத் தூக்கிக்கிட்டு நிக்குதுங்க. இப்ப ஒரு வேளைக்காச்சும் எல போட்டாத்தான் ஆவும்.”

“நான் என்னா றெக்கயா கட்டிக்கிட்டு வர முடியும்? சாக்குக்குத் தண்ணி தெளி. வெப்பம் ஏறாமப் பாத்துக்க, வந்தர்றன்.”

அவன் வைத்துவிட்டான். அடுப்பில் களி கிண்டி வைத்தது அப்படியே இருந்தது. ஒரு உருண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள், கொள்ளுக் குழம்பை ஊற்றினாள், வாயில் வைக்க மனம் வரவில்லை. ஷெட்டில் நாற்பதாயிரம் வாய் காத்திருக்கும்போது தான் மட்டும் தின்பதா என்று தோன்றியது. தட்டை மூடி வைத்துவிட்டாள்.

ஓடைக்கு அந்தப்பக்கம் பச்சியப்பனின் மல்பெரித் தோட்டம். மாதப்பனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை, கோகிலவாணிக்கு மாமா. அவருடைய புழு முந்தாநாளே கூடு கட்டி முடித்துவிட்டது. இன்று விடியலில் கூடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு தர்மபுரி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறியதை அவளே பார்த்தாள். தோட்டத்தில் இடுப்புயரத்துக்கு இலை. காவலுக்கு ஆள் இல்லை. தோட்டத்து வழியில் நட்ட குச்சியில் மட்டும் ஒரு வேப்பங்கொத்து தொங்கியது.

அந்தக் கொத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டு வந்த காலத்திலிருந்தே பொரசனஅள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்கு மருந்தடித்தால் வழியில் குச்சி நட்டு வேப்பங்கொத்து கட்ட வேண்டும். இலை திரும்பப் புழுவுக்கு ஆகிற நாள் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். கொத்து தொங்குகிற தோட்டத்தில் ஆட்டைக்கூட யாரும் விடமாட்டார்கள். ஒருவருக்கு இலை போதாமல் போனால் அக்கம்பக்கத்தில் கொத்து இல்லாத தோட்டத்தில் போய் வெட்டிக்கொண்டு, பிறகு தங்கள் தோட்டத்து இலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு இலைக்கே விலை வந்தது. புழு வளர்க்காமலேயே இலை விற்றுப் பிழைக்கிறவர்கள் வந்தார்கள். போனில் இலைக்கென்று ஒரு குரூப் தொடங்கினார்கள். விலை வந்த பொருளுக்குத் திருடனும் வந்தான். எந்தப் புண்ணியவான் முதலில் ஆரம்பித்தாரோ தெரியாது, திருடன் பயப்படட்டும் என்று மருந்தடிக்காமலேயே கொத்துக் கட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். இரண்டு வருடத்தில் ஊரில் கொத்து இல்லாத தோட்டமே இல்லை என்றாகிவிட்டது. வருடம் முழுக்கக் காய்ந்து சருகான கொத்துகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. எது மெய், எது பொய் என்று கட்டியவருக்குத்தான் வெளிச்சம். மெய்யாகவே மருந்து இறங்கிய கோகிலவாணியின் தோட்டத்துக்கோ ட்ரோன்காரர் எந்தக் கொத்தும் கட்டிவிட்டுப் போகவில்லை.

கோகிலவாணி மட்டும் யோக்கியமா? மாசி மாதம் அவளும் சும்மாவே கொத்துக் கட்டியவள்தான். அதற்கும் முன்னால் ஐப்பசியில் அவள் தோட்டத்தில் யாரோ மூன்று வரிசை வெட்டிக்கொண்டு போனபோது, அவள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “திருடுன எலயத் தின்ன புழு பூராவும் பாலாப் போவணும், ஒரு கூடு கட்டக் கூடாது” என்று பச்சியப்பன் வீட்டு வாசலுக்கு நேராக நின்று கத்தினாள். பால் என்பது புழுவுக்கு வருகிற நோய், உடம்பு ஊதி வெடித்து வெள்ளையாக ஒழுகிச் செத்துவிடும். புழு வளர்க்கிறவள் வாயில் அதைவிடப் பெரிய சாபம் வராது.

இப்போது அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியபோது அந்தச் சாபம் அவளுக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. ‘நான் திருடவா போறன், சாயங்காலம் சொல்லிக்கலாம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார், அல்லது யானை விலை சொல்வார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. கேட்டுவிட்டு இல்லை என்ற பிறகு வெட்டினால்தான் அது திருட்டு என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மனிதப் புத்திக்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

கொத்தின் முன்னால் நின்றாள். பாதி பச்சை, பாதி சருகு. இரண்டு மூன்று நாளைக்கு முன் கட்டியதாக இருக்கலாம். புழு முடிந்த கையோடுதான் எல்லோரும் மருந்தடிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். பச்சை வாசம்தான் அடித்தது. ‘எல்லாம் நாம கட்டுன மாதிரிதான்’ என்று உள்ளே நுழைந்து வெட்ட ஆரம்பித்தாள்.

நாலு கட்டு. ஒவ்வொன்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறி நாலு நடை. கழுத்து இற்றுப்போயிற்று. மூன்றாம் நடையில் யாரோ மொபெட்டில் போகிற சத்தம் கேட்டுக் கட்டோடு புதரில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்கிற நிலையில் இருக்கிறவள், எச்சிலை விழுங்கிக்கொண்டு புதரில் உட்கார்ந்திருந்தாள். அந்த வெட்கம் பிறகும் பல நாள் அவளை விடவில்லை.

வெளி இலை வந்தால் முதலில் ஒரு தட்டில் பத்துப் புழுவை எடுத்துவிட்டு, அதற்கு மட்டும் போட்டு ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். மருந்து இருந்தால் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு வருடமாகப் புழு வளர்க்கிறவளுக்கு இது தெரியாதா? ஆனால் திருடிய இலை வாசலில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. யார் வந்தாலும் கேட்பார்கள். கட்டை மறைக்க வேறு இடமில்லை, புழுவின் வயிறுதான் இடம். பரபரவென்று கயிற்றை அறுத்து மூன்று அடுக்கிலும் கிளைகளைப் பரப்பிவிட்டாள். புழுக்கள் மொய்த்தன. ஐந்து நிமிடத்தில் ஷெட் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. அவளுக்கு உயிர் வந்தது. மூடி வைத்த களியை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள். ஆறிப்போன களி அவ்வளவு ருசியாக இருந்தது.

பத்தரை மணிக்குச் சின்னக்கா வந்தாள். எதிர்வீட்டுக்காரி. புளி தட்டுகிற வேலையில் இருந்தவள், சுத்தியலோடும் புளி ஒட்டிய கையோடும் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவில் கோழி முட்டையிட முடியாது.

“எல கெடைச்சிருச்சா கோகிலா? மாதப்பன் வந்துட்டானா?”

“இல்லக்கா, இது... நேத்து மீந்தது.”

சின்னக்கா ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தாள். “நேத்து மீந்த எல இப்பிடியா பளபளன்னு இருக்கும்? ஒரு எல என் மொகத்தளவு இருக்குதே. இந்த எல ஊர்லயே பச்சியப்பன் தோட்டத்துலதான இருக்குது?”

கோகிலவாணி அந்தக் கிளையை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தாள். சின்னக்காவுக்கு அது போதும். அவள் முகம் மாறியது. திட்டப்போகிறாள் என்றுதான் கோகிலவாணி நினைத்தாள்.

“அடிப்பாவி! அவரு முந்தாநேத்து மருந்தடிச்சாரே!”

“கொத்துதான கட்டியிருக்காரு. எல்லாருந்தான் கட்றாங்க.”

“கொத்து இல்லடி. டேங்க் மாட்டிக்கிட்டு அடிச்சாரு, என் கண்ணால பாத்தன். மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு வரிச வரிசயா அடிச்சாரு. ‘என்னா மாமா, வெயில்ல அடிக்கறீங்களே’ன்னு நான் கேக்கக்கூட கேட்டன். ‘பூச்சி அதிகமாயிருச்சி, கடும் மருந்து, கிட்ட வராத’ன்னு சொன்னாரு.”

 கோகிலவாணி தாங்கிகளைத் திரும்பிப் பார்த்தாள். புழுக்கள் இரைச்சலோடு தின்றுகொண்டிருந்தன. சற்று முன்பு உயிர் கொடுத்த அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவளால் முடியவில்லை.

“எடுத்துரலாம்டி, வா, ரெண்டு பேரும் எடுத்துப் போட்றலாம்” என்று சின்னக்கா கிளையை இழுத்தாள். கிளையோடு இருபது புழு தொங்கியது. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் பொழுது போய்விடும். உதறினால் புழு நசுங்கும்.

“இருக்கா. மருந்து இல்லன்னா? நல்ல எலயப் புடுங்கிப் போட்டுட்டுப் பட்டினி போட்ட மாதிரி ஆயிருமே.”

“மருந்து இருந்தா?”

“இருந்தா இப்பவே பாதி தின்னுருச்சிக்கா.” அவள் கிளையைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். “என் வாயாலதான சொன்னன், திருடுன எலயத் தின்ன புழு கூடு கட்டக் கூடாதுன்னு. என் புழுவுக்கே சொல்லிக்கிட்டன்.”

இரண்டு பேரும் கீழடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மருந்து பட்ட புழு தலையைப் பின்னால் வளைக்கும், பச்சையாகக் கக்கும், சுருங்கி முறுக்கிக்கொள்ளும். ஒரு புழு பச்சையாகக் கக்கியிருந்தது. கிளை குத்தினாலும் புழு அப்படிக் கக்கும். இது எதனால் என்று எப்படிச் சொல்வது? பச்சியப்பனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மார்க்கெட் கூச்சலில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? பிறகு புருஷனுக்குப் போட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

 மாதப்பனுக்குப் பின்னால் யாரோ இலை வெட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

“சரி. போட்டது போட்டாச்சி. நீ அவருகிட்ட வாயத் தொறக்காத.”

“கேக்காம எப்பிடிங்க தெரியும்?”

“கேட்டா நாமதான் திருடனாவோம். அன்னைக்கி அவரு வூட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துன. இன்னைக்கி ‘நாந்தான் மாமா வெட்டுனன்’னு போயி நிப்பியா? ஊரு சிரிக்கும். புழு இருந்தா இருக்குது, செத்தா சாவுது. நான் வந்து பாத்துக்கறன்.”

“செத்தா சாவுதா?” என்று கேட்டுவிட்டு அவளே போனை வைத்தாள். அவனை நினைத்துக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பாதி தன் மனதில் இருந்ததுதான் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

“நீ இங்கயே இருக்கா, சாக்கு காயாமப் பாத்துக்க” என்று சின்னக்காவிடம் சொல்லிவிட்டு அவள் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். தார் ரோட்டில் அனல் எழும்பியது. புளியமரத்து நிழலில் முக்கால் மணி நேரம் நின்றாள். பென்னாகரம் போகிற பஸ் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. பச்சியப்பன் வெற்றுச் சாக்குகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி.

“என்னா கோகிலா, வெயில்ல நிக்கற? மாதப்பன் வரானா?”

“உங்களப் பாக்கத்தான் மாமா நிக்கறன். உங்க தோட்டத்துல எல வெட்டிட்டன்.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சாக்கு கீழே விழுந்தது.

“எப்ப?”

“காலையில. நீங்க பஸ் ஏறுன பின்னால. நாலு கட்டு.”

“நாலு கட்டா! ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் என்னா செத்தா போயிட்டன்? அன்னைக்கி என் வாசல்ல நின்னு அந்த ஆட்டம் ஆடுன. என்னா பேச்சுப் பேசுன! நான் சத்தியமா உன் எலயத் தொடல. தொடலன்னாலும் நீ உட்ட சாபத்துல அந்தத் தடவ எனக்கு ரெண்டு தட்டு பாலாப் போச்சி. பயந்துக்கிட்டுக் கோயிலுக்குப் போயி எலுமிச்சம்பழம் வெச்சன். தெரியுமா உனக்கு?”

“மாமா...”

“இன்னைக்கி நீயே அரிவாளத் தூக்கிக்கிட்டு வந்து நொழஞ்சியிருக்கற. கொத்துக் கட்டியிருந்துதா இல்லியா? கண்ணு தெரியல?”

“மாமா, திட்றத அப்பறமாத் திட்டுங்க. ஊரக் கூட்டி வெச்சித் திட்டுங்க, நிக்கறன். வெட்டுன எலக்கி எல திருப்பித் தர்றன். மருந்தடிச்சீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. புழு தின்னுக்கிட்டு இருக்குது மாமா.”

அவள் கை கூப்பிவிட்டாள். பச்சியப்பன் அவளைப் பார்த்தார். கோபமாக இருந்த முகத்தில் வேறென்னவோ வந்தது. கீழே கிடந்த சாக்குகளைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார், மறுபடியும் மடித்தார். மடிக்கத் தெரியாதவர் மாதிரி இரண்டு தடவை பிரித்து மடித்தார். 

“சின்னக்கா பாத்ததா சொல்றா. கடும் மருந்துன்னு சொன்னீங்களாம். சொல்லுங்க மாமா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“தண்ணி” என்றார் பச்சியப்பன்.

“என்னா?”

“தண்ணிம்மா. வெறும் தண்ணி.” ரோட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். “கொத்துக் கட்டுனா எவனும் நம்ப மாட்டங்கறான். போன மாசம் கொத்து தொங்கறப்பவே ரெண்டு கட்டு வெட்டிக்கிட்டுப் பூட்டான். அதான் டேங்க்ல தண்ணியப் புடிச்சி, மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு, சின்னக்கா புளி தட்ட ஒக்காந்த நேரமாப் பாத்து அடிச்சன். அவ கண்ணுல பட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்னுதான்.”

கோகிலவாணி அவரையே பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் மனசு துணியவில்லை. கொத்திலும் பொய், டேங்கிலும் பொய். இப்போது சொல்வது மட்டும் நிஜம் என்று எதை வைத்து நம்புவது? தன்னை அழவிடக் கூடாது என்று சொல்கிறாரோ?

“நெசமாவா மாமா?”

“நெசந்தான்.”

“என் பொண்ணுங்க மேல...”

“சத்தியமெல்லாம் எதுக்கு? நட, புழு வூட்டுக்கு.”

அந்த வயதிலும் அவர் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஷெட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார், நோய் தொற்றாமலிருக்கப் போட்டிருந்த சுண்ணாம்புத் தூளில் பழக்கத்தில் கால் வைத்து உள்ளே போனார். சின்னக்கா எழுந்து நின்றாள். பச்சியப்பன் நடு அடுக்கிலிருந்து பெரிய இலையாக நாலு பறித்தார். ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து, வெற்றிலை போடுகிறவர் மாதிரி வாயில் திணித்து மென்றார். மென்றுகொண்டே அங்கிருந்த கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அய்யோ மாமா, மருந்தடிச்ச எலயத் தின்னறீங்களே!” என்று சின்னக்கா கத்தினாள்.

“மருந்துமில்ல மண்ணுமில்ல” என்றார் அவர், வாய் நிறைய இலையோடு. “உனக்குக் காட்டத்தான் அடிச்சன். தண்ணி.”

சின்னக்காவுக்கு அது உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. “எனக்குக் காட்டவா? அப்ப என்னய என்னா ஊர்த் தண்டோராக்காரின்னு நெனச்சீங்களா?”

“இல்லியா பின்ன?”

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பயம் விட்டுப்போனால் உடம்பு எவ்வளவு லேசாகிவிடுகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சின்னக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சியப்பன் விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டார்.

“தூ, என்னா கசப்பு. இத எப்பிடித்தான் இந்தப் புழுவுங்க இவ்வளவு தின்னுதுங்களோ.”

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். புழுக்கள் தின்ன ஆரம்பித்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. மூன்று பேரும் அடுக்கடுக்காகக் குனிந்து பார்த்தார்கள். ஒன்றுகூடத் தலையை வளைக்கவில்லை, சுருங்கவில்லை. பச்சையாகக் கக்கியிருந்த புழுகூட ஒரு இலையின் ஓரத்தைப் பிடித்துப் பிறை வடிவத்தில் அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு மாதப்பன் ஆட்டோ நிறைய இலையோடு வந்தான். ஷெட்டு வாசலில் பச்சியப்பனைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. ஆட்டோவிலிருந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

“எறங்குடா. உன் பொண்டாட்டி எல்லாத்தியும் சொல்லிட்டா” என்றார் பச்சியப்பன்.

“சித்தப்பா, தப்புதான். நாலு கட்டு எல இதுலயே எடுத்துக்கங்க.”

“எனக்கு இப்ப புழுவா இருக்குது, எலய வெச்சி என்னா பண்றது? அடுத்த தடவ புழு வெக்கறப்பத் திருப்பிக் குடு. அஞ்சாக் குடு. திருட்டு எலக்கி ஒரு கட்டு சேத்துத்தான்.”

மாதப்பன் தலையாட்டினான். கட்டுகளை இறக்கி, கயிற்றை அறுக்கப் போனவனைக் கோகிலவாணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பத்துப் புழுவுக்குப் போட்டுப் பாக்காம ஒரு எல உள்ள போவக் கூடாது.”

“கடத்தூர்க்காரருகிட்டக் கேட்டுத்தான வெட்டுனன். மருந்தில்லன்னு சொன்னாரு.”

“சொல்லட்டும். பத்துப் புழு எடுத்து வெய்யுங்க.”

அவன் வாய்க்குள் முணுமுணுத்தபடி தட்டை எடுத்தான். பத்துப் புழு எண்ணி விட்டு, கடத்தூர் இலை இரண்டு போட்டார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி இலைக்கட்டுகளை நிழலில் சாய்த்துவிட்டு நாலு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோகிலவாணி மறுபடியும் களி கிண்டினாள். கீரையைக் கடைந்து ஊற்றினாள். பச்சியப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு உருண்டை தின்றார். சின்னக்கா, தான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை சொல்லும்போது மாதப்பனே சிரித்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் பெட்டிக்கடை வரைக்கும் செய்தி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கோலத்தைப் பார்த்தால், தண்ணீரடித்த கதையைத்தான் முதலில் சொல்வாள் போலிருந்தது.

ஒரு மணி நேரத்தில் தட்டில் நரம்புதான் மிஞ்சியது. பத்துப் புழுவும் அடுத்த இலைக்குத் தலையைத் தூக்கின. மாதப்பன் கட்டுகளை அவிழ்க்கப் போனான். பச்சியப்பன் சாக்குகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோகிலவாணி ஓடைக்கரை வரை கூடவே போனாள்.

“ஊருக்குத் தெரிஞ்சிரும் மாமா, உங்க டேங்க் கதை. இனி கொத்துக் கட்டுனாலும் எவனும் பயப்படமாட்டான்.”

“அதுக்கு முந்தி மட்டும் பயந்தானா? நீ பயந்தியா?”

 அவர் ஓடையில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நாளைக்கி எல போதலன்னா, அரிவாள எடுக்கறதுக்கு முன்னால போனப் போடு.”

“போட்டா எல குடுப்பீங்களா மாமா?”

பச்சியப்பன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அந்த முகத்தில் கணக்கும் வெட்கமும் மாறி மாறி வந்ததை அவள் பார்த்தாள்.

“குடுக்கமாட்டன்” என்றார். “வெலைக்கித்தான் தருவன். ஆனா மருந்தடிச்சனா இல்லியான்னு கேட்டா நெசத்தச் சொல்லுவன்.”

“அது போதும் மாமா” என்றாள் கோகிலவாணி.  அவர் எதிர்க்கரையில் ஏறி, தன் தோட்டத்து வழியில் நின்று அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்தாரா இல்லையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. ஷெட்டுக்குள் மாதப்பன் தனியாக இலை போட்டுக்கொண்டிருந்தான், மேலடுக்கு அவனுக்கு எட்டாது என்று அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.